தொட்ட பை

தகர டப்பாவுக்குள் கையை விட்டபோது கெஜக்கா வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஒன்றாம் நம்பர் வரவேண்டும். அது பேராசை என்றால் இரண்டாவது வரட்டும். விரலில் முதலில் தட்டுப்பட்ட வில்லையை விட்டுவிட்டு, வேலை மெனக்கெட்டு அடியில் துழாவி இன்னொன்றை எடுத்தாள். ஐந்து. அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் ஐந்துதான் போட்டிருந்தது.

காலை ஆறு மணி. கோல்ஃப் மைதானத்துக் கட்டடத்தின் பின்பக்கம், பைகளை வைக்கிற அறை. குழல்விளக்கு ஒன்று எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஈரப் புல்லும் ஷூ பாலிஷும் கலந்த வாசனை. சுவரோரம் நீண்ட மரச்சட்டத்தில் ஆறு பைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதினெட்டுக் குழிக்கும் அவர்கள் பின்னாலேயே நடக்கவேண்டிய ஆறு பேர் கீழே வரிசையாக நின்றார்கள். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘கேடி’ என்ற பெயரைத் தமிழில் சொன்னால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி ஆகிவிடும் என்பதால், இவர்கள் தங்களைப் பைக்காரர்கள் என்றே சொல்லிக்கொள்வார்கள்.

எந்தப் பை யாருக்கு என்பதை வில்லைதான் முடிவு செய்யும். ஒன்றாம் நம்பர்க்காரர் முதலில் போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் நம்பருக்கு மிச்சம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்துவிட்டு எடுக்கிற பழக்கம் இருந்தது. வெண்டைக்காய் வாங்குகிற மாதிரி ஆளாளுக்கு ஒடித்துப் பார்த்து, அடிதடியாகி, பிறகு ஒரே விதி என்று ஆனது. தொட்டால் தூக்க வேண்டும். விரல் பட்டுவிட்டால் அது உன் பை. மாலைவரை மாற்றம் கிடையாது. அதனால் பைக்காரர்கள் எடையைக் கண்ணாலேயே படிக்கப் பழகியிருந்தார்கள். வார் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, அடிப்பக்கம் எவ்வளவு பிதுங்குகிறது, எந்த ஜிப் மூட முடியாமல் பாதியில் நிற்கிறது என்று பார்த்தே அரைக் கிலோ பிசகாமல் சொல்லிவிடுவார்கள்.

இந்தப் படிப்பில் கெஜக்காவை மிஞ்ச ஆளில்லை. பெயரே அதனால் வந்ததுதான். பந்துக்கும் குழிக்கும் நடுவே எத்தனை கெஜம் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். இங்கே விளையாட வருகிற வக்கீல் ஒருமுறை தூரம் அளக்கிற கருவி ஒன்றைப் புதிதாக வாங்கிவந்தார். கருவி நூற்று நாற்பத்திரண்டு என்றது, கெஜக்கா நூற்று நாற்பது என்றாள். வக்கீல் கருவியை ரிப்பேருக்குக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் புல்லில்தான் அவள் நடந்துகொண்டிருக்கிறாள். நாற்பத்தாறு வயது. வீட்டில் அவள் மனைவி, மருமகள், அம்மா. இங்கே வந்தால்தான் அவள் கெஜக்கா.

அவள் கண் இப்போது மரச்சட்டத்தில் ஒரே ஒரு பையின் மேல் இருந்தது. டீச்சரம்மாவின் நீலப் பை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர். மற்றவர்கள் பதினான்கு மட்டை வைத்துக்கொள்வார்கள், அவர் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டார். மெல்லிய துணிப் பை, இரண்டு பந்து, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். பைக்காரர்கள் அதற்குத் தலையணை என்று பெயர் வைத்திருந்தார்கள். சட்டத்தின் இன்னொரு கோடியில் வக்கீலின் பழுப்புத் தோல் பை. அதற்குப் பெயர் பீரோ. குடை, மழைச்சட்டை, மாற்று ஷூ, இரண்டு பெரிய பாட்டில், படிக்காத செய்தித்தாள் என்று மனுஷர் ஒரு குடும்பம் நடத்துகிற அளவுக்கு அதற்குள் வைத்திருப்பார். இருபது கிலோவுக்குக் குறையாது. நடுவில் டாக்டரின் சிவப்புப் பை, அண்ணன் தம்பி இரண்டு பேருடைய ஒரே மாதிரியான கறுப்புப் பைகள், அப்புறம் கோழிக்கூடு. கோழிக்கூட்டின் சொந்தக்காரரான இன்ஜினியருக்குப் புதரில் கிடக்கிற பந்தையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கம்.

இருபத்திரண்டு வருஷத்தில் தலையணை மூன்றாவது ஆள்வரை வந்ததே இல்லை. முதல் ஆள் எடுப்பார், அசந்தால் இரண்டாவது ஆள். ஐந்தாம் நம்பரில் நிற்கிறவள் அதைப் பற்றி நினைப்பதே வீண். கெஜக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

சட்டைக்குள் இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட் ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தாள். தினமும் காலையில் வீட்டுக்காரர் கட்டிவிடுவார். பஸ் ஓட்டுகிறவர், எதையும் இறுக்கமாகச் செய்துதான் பழக்கம். அன்றைக்கும் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு இழுத்து ஒட்டினார்.

"மூச்ச உள்ள இழு. இன்னும். இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டா என்ன?"

"போட்டா ஒரு நாளோட நிக்காதுங்க."

"ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னது காதுல ஏறுச்சா இல்லையா உனக்கு?"

ஏறாமல் என்ன. நாலு வாரத்துக்கு முன்னால் நடந்தது. இருபத்திரண்டு வருஷம் பீரோவையும் கோழிக்கூட்டையும் தூக்கியபோதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. குழிக்குள் கிடந்த ஒரு பந்தை, எலுமிச்சம்பழம் அளவுகூடக் கனக்காத பந்தை, குனிந்து எடுத்தபோது இடுப்பில் ஏதோ பிடித்தது. முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். ஆறு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, மீறினால் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காது என்றார். இவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இனிமேல் அந்த வேலையே வேண்டாம் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார். சீட்டை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லிப் பத்து நாள் லீவு எடுத்தாள். மாமியாருக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அடுத்த தெருவில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லக்கூடியவர்.

திரும்பி வந்தபின் அதிர்ஷ்டம் கொஞ்ச நாள் கூடவே வந்தது. வந்த முதல் நாள் ஒன்றாம் நம்பர், தலையணை. அடுத்த முறை இரண்டாம் நம்பர், மறுபடி தலையணை. அப்புறம் நாலைந்து நாள் மழை. முந்தாநாள்தான் அகப்பட்டாள். டீச்சரம்மா வரவில்லை, டாக்டரின் சிவப்புப் பை. பன்னிரண்டாவது குழிக்குப் பக்கத்தில் இடது பாதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. ஷூவுக்குள் கல் என்று சொல்லி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, இல்லாத கல்லை வெகுநேரம் உதறினாள். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

கவனித்தால் என்ன ஆகும் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. உடல்நலக் குறைவை மறைப்பவரும், மறைக்கத் துணைபோகிறவரும் பட்டியலிலிருந்து நீக்கப்படுவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒட்டியது. பாட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். நடக்கும்போதெல்லாம் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே வருவார். நெஞ்சில் கோளாறு இருந்ததை மறைத்து வேலை பார்த்தார். பதினான்காவது குழியில் பையோடு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட இருந்த நாலு பேருக்கு விஷயம் தெரியும், தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்று விசாரணையில் வந்தது. நாலு பேரையும் வேலையிலிருந்து எடுத்தார்கள், அப்போதிருந்த சூப்பர்வைசரையும் எடுத்தார்கள். அன்றைக்குப் பாட்டுக்காரரின் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்தான் இப்போதைய சூப்பர்வைசர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் யாராவது இரண்டு முறை சேர்ந்தாற்போல் இருமினாலே பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"ஒண்ணு," என்றார் அவர், மேஜைக்குப் பின்னாலிருந்து.

மீசை முன்னால் போனார். அறுபதைத் தொடப்போகிறவர், இருப்பவர்களில் மூத்தவர். முட்டி வலிக்காரர். ஒன்றாம் நம்பர் கிடைத்தால் தலையணையைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கெஜக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஆசைப்பட்ட பொருளை வேறொருவர் எடுத்துப்போவதைப் பார்ப்பானேன்? ஜிப்பின் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது மீசை டாக்டரின் சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு கதவுப்பக்கம் நகர்ந்துவிட்டிருந்தார்.

பெரியவருக்கு இன்னும் தூக்கம் தெளியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். நீலப் பை அங்கேயே இருந்தது.

"ரெண்டு."

ரேடியோ. வாயை மூடத் தெரியாதவன், அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு என்னவோ மௌன விரதம் மாதிரி போனான். நேராகப் போய்க் கறுப்புப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். தலையணை இருந்த பக்கம் அவன் பார்வையே போகவில்லை. கெஜக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. இன்றைக்கு எல்லோருக்கும் கண்ணில் ஏதோ ஆகியிருக்கிறது. இன்னும் இரண்டே பேர். அவர்களும் இப்படியே போய்விட்டால் நீலப் பை தோளில், பதினெட்டுக் குழியும் பூ மாதிரி நடந்துவிடலாம்.

சூப்பர்வைசர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி மரச்சட்டத்தைப் பார்த்தார். உடனே குனியவில்லை.

"மூணு."

மூன்றாவது ஆள் கண்ணாடி. எதையும் இரண்டு முறை யோசிக்கிற ஆள். கடையில் தீப்பெட்டி வாங்கினால்கூடக் குச்சியை எண்ணிப் பார்ப்பார். அவர் யோசிக்கவே இல்லை. போன வேகத்தில் இரண்டாவது கறுப்புப் பையை எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது கெஜக்காவின் முகத்தைப் பார்த்து, பார்த்திருக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்த மாதிரி சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் கெஜக்காவுக்கு உறைத்தது.

பின்னால், ஆறாம் நம்பரோடு நின்றவள் சுருக்கு. வேண்டிய அளவுக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இவளும் கெஜக்காவும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வருஷம் சண்டை போட ஆரம்பித்தவர்கள். அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

"உன் மாமியார சந்தையில பாத்தேன்."

கெஜக்கா திரும்பவில்லை.

"தராசு முள்ளு சரியில்லைனு பத்தடி தள்ளி நின்னு சண்ட போட்டுட்டிருந்தாங்க."

"எல்லாருக்கும் சொல்லிட்டியா?"

"முந்தாநாள் நீ மரத்தப் புடிச்சிட்டு நின்னத ரேடியோ பாத்தான். நான் சொல்லணுமா?"

அப்படியானால் முந்தாநாளிலிருந்து மாமியார் கண் எப்படி இருக்கிறது, சொட்டு மருந்து விடுகிறீர்களா, வெளிச்சம் பட்டால் கூசுகிறதாமா என்று ஆளுக்கு ஆள் அக்கறையாக விசாரித்தார்களே! இவளும் கண் கலங்காத குறையாகப் பதில் சொன்னாளே! அவமானத்தில் காது மடல் சுட்டது. அதற்கு மேல் யோசிக்க நேரமில்லாதபடி பயம் வந்து ஏறிக்கொண்டது. இவர்கள் செய்திருப்பது தர்மம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் தர்மம் செய்கிற அழகா இது? லேசான பையை முதல் ஆள் விட்டால் தூக்கக் கலக்கம். இரண்டாவது ஆளும் விட்டால் அதிசயம். மூன்று பேர் சொல்லி வைத்தாற்போல் விட்டால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு மூளை வேலை செய்யாதா? அந்த ஆள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டார்.

"நீலப் பைக்குள்ள என்ன, பாம்பு கீம்பு இருக்கா?"

சும்மா இருந்திருக்கலாம், ரேடியோவால் முடியவில்லை.

"அது வந்து சார், டீச்சரம்மா ரொம்பப் பேசறாங்க சார். காது வலிக்குது."

"நீ சொல்ற அத."

கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அவர் பார்வை வரிசையில் மிச்சமிருந்த மூன்று பேர் மேலும் ஒவ்வொருவராகப் போய், கெஜக்காவிடம் வந்து நின்றது. அவள் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள். பெல்ட் விலாவில் குத்தியது.

"நாலு."

நாலாவது ஆள் புதுசு. சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முப்பது வயது, சமையல் கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டிருந்துவிட்டு இங்கே வந்தவன். வீடு வேறு திசையில் இருப்பதால் மற்றவர்களோடு பஸ்ஸில் சேர்ந்து வருவதும் கிடையாது. கெஜக்காவுக்கு அவன்மேல் திடீரென்று அளவில்லாத நம்பிக்கை பிறந்தது. இவனிடம் யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? இவன் எடுத்துவிடுவான். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் எந்தப் பையை ஒருத்தரும் தொட்டுவிடக் கூடாது என்று கும்பிடாத குறையாக நின்றாளோ, அதே பையை இப்போது அவன் எடுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். எடுடா. எடுத்துத் தொலை. நீ எடுத்துவிட்டால் மூன்று பேர் விட்டது தற்செயலாகிவிடும். கோழிக்கூட்டை எடுத்துக்கொண்டு நான் எப்படியோ போய்த் தொலைகிறேன்.

புதுசு சட்டத்தின் முன்னால் நின்றான். மூன்று பை இருந்தன. அவன் நேராக நீலப் பையைப் பார்த்தான். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது; தன் அதிர்ஷ்டத்தை அவனாலேயே நம்ப முடியவில்லை. கை நீண்டது.

ரேடியோ இருமினான். நிஜ இருமல் இல்லை. குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட இருமுகிற இருமல்.

புதுசின் கை அந்தரத்தில் நின்றது. நீல வாருக்கும் அவன் விரலுக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இருந்திருக்கும். அவன் திரும்பி ரேடியோவைப் பார்த்தான். பிறகு கெஜக்காவைப் பார்த்தான். யாரோ எப்போதோ சொல்லி வைத்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், முகம் வெளிறிப்போனது. கையை அப்படியே வளைத்துக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டின் மேல் வைத்தான். உள்ளே பந்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

சூப்பர்வைசர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து சட்டமும் தெரிந்தது, பை மாட்டிய நாலு பேரும் தெரிந்தார்கள், அவர்களுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த காகிதமும் தெரிந்தது.

"அஞ்சு," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சட்டம்வரை எட்டு அடி இருக்கும். அந்த எட்டு அடிக்குள் கெஜக்கா என்னென்னவோ நினைத்தாள். முதலில் வந்தது ஆத்திரம்தான். யார் கேட்டது இவர்களை? முட்டி வலிக்காரர் சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார், மேட்டில் ஏறும்போது அவர் படப்போகிற பாட்டுக்கு யார் பொறுப்பு? அடுத்த அடியில் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த அறையில் யாரும் யாருக்கும் ஒரு லேசான பையை விட்டுக்கொடுத்ததில்லை. சொந்த அண்ணன் தம்பி நின்றாலும் விடமாட்டார்கள். பாட்டுக்காரருக்குக்கூட விட்டதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சிதானோ என்னவோ, இன்றைக்கு எல்லோருமாகச் சேர்ந்து இப்படிக் கோமாளித்தனம் பண்ணிவிட்டார்கள்.

நீலப் பையை எடுத்தால் இன்றைய நாள் தப்பிக்கும். ஆனால் எடுத்த கையோடு சூப்பர்வைசர் கேட்பார், உனக்கு என்ன என்று. அவள் என்ன சொன்னாலும் அந்தக் காகிதம் ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் பேசும். மறைக்கத் துணைபோனவர் மீசை. துணைபோனவர் கண்ணாடி. ரேடியோ. சுருக்கு. சேர்ந்து இரண்டே மாதமான புதுசு. அவள் ஒருத்தி வீட்டுக்குப் போவதையே நினைத்துப் பார்க்க முடியவில்லை. மற்றவர்களையும் கூட்டிக்கொண்டா போவது?

நீலப் பைக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். வாரில் தையல் பிரிந்த இடத்தில் டீச்சரம்மா தன் கையாலேயே ஒட்டுப் போட்டிருந்தது தெரிந்தது. அவள் இரண்டு அடி தள்ளிப் போய்ப் பீரோவின் மேல் கையை வைத்தாள்.

பின்னால் சுருக்கு மூச்சை இழுத்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"தொட்டாச்சு," என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா சார்."

"அஞ்சாம் நம்பருக்கு வந்த தலையணைய விட்டுட்டு, பீரோவா?"

"வக்கீல் சார் நேத்தே சொல்லி வச்சார் சார். அவருக்குக் கெஜம் சொல்ல ஆள் வேணுமாம்." பொய் தங்குதடையில்லாமல் வந்தது. ஒரு மாதமாகப் பழக்கம்.

"சரி. தூக்கு."

முட்டியை மடக்கி இறங்கினாள். முதுகை வளைக்காமல், டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி. வாரை வலது தோளில் போட்டாள். இடது பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். பாதி பாதம் பதில் சொன்னது, பாதி சொல்லவில்லை. எழுந்தாள். பாதி எழுந்தபோது சட்டைக்குள் பெல்ட்டின் ஒட்டு பிரிய ஆரம்பித்தது. சர்ரென்று, துணி கிழிகிற மாதிரி. அந்த அமைதியில் அது கூரையைப் பிய்க்கிற சத்தமாக அவளுக்குக் கேட்டது. அதே சமயம் ரேடியோ தன் பையின் ஜிப்பைச் சர்ரென்று திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கண்ணாடியும் தன் ஜிப்பைத் திறந்தார். இரண்டு பேரும் எதையோ தொலைத்துவிட்டவர்கள் மாதிரி ஜிப்புகளோடு போராடிக்கொண்டிருக்க, கெஜக்கா நிமிர்ந்து நின்றாள். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நெருப்புக் கம்பி ஒன்று இறங்கியது. முகத்தை மட்டும் அசையவிடவில்லை. சூப்பர்வைசர் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு," என்றார் கடைசியில்.

சுருக்கு போய் நீலப் பையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு லாட்டரி அடிச்சிருக்கு சார்," என்றாள். அந்த வருஷத்தில் சூப்பர்வைசரிடம் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டுக் கெஜக்காவைக் கடந்து போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "பாவி. செத்துத் தொலையாத."

வெளியே சரளைக்கல் பாதை, அதைத் தாண்டியதும் புல். முதல் குழிக்கு அடிக்கிற மேடை கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆறு விளையாட்டுக்காரர்களும் இறங்கி வந்திருந்தார்கள். முதலில் வக்கீல், டீச்சரம்மா, இன்ஜினியர் மூன்று பேரும் புறப்பட வேண்டும். மற்ற மூன்று பேரும் தங்கள் முறைக்காகப் பக்கத்திலேயே நின்றார்கள். கெஜக்கா பீரோவைத் தரையில் நிறுத்தினாள். இறக்குவதும் வேதனைதான், ஆனால் இறக்கியபின் ஒரு சின்னச் சொர்க்கம் இருந்தது. எழுபது தடவையாவது இப்படித் தூக்கி இறக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தை வரவிடாமல் தள்ளினாள்.

"எவ்வளவும்மா?" என்றார் வக்கீல்.

"கொடிக்கு முந்நூத்தி எழுபது சார். எதிர்க்காத்து. இடது பக்கம் வேணாம்."

வக்கீல் தலையாட்டிவிட்டு இடது பக்கமே அடித்தார். பந்து மரங்களுக்குள் போய்ச் சத்தம் போட்டது. டீச்சரம்மா நேராக, அடக்கமாக ஒரு நூறு கெஜம் அடித்தார். இன்ஜினியர் அடித்த பந்து எங்கே போனதென்று அவரே பார்க்கவில்லை. மரத்தடியில் வேறு யாருடைய பந்தாவது கிடக்கிறதா என்று இப்போதே கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். பைக்காரர்கள் இனிப் பையை மாட்டிக்கொண்டு பின்னால் போக வேண்டியதுதான்.

கெஜக்கா வாரைப் பிடித்தாள். முட்டியை மடக்கினாள். எழ முடியவில்லை. வலி இல்லை, வலித்திருந்தால்கூடத் தேவலாம். இடது கால் அங்கே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அவளுடையதாக இல்லை. பின்னால் படியில் யாரோ நிற்பது தெரிந்தது. சூப்பர்வைசர் காலை நேரத்தில் அந்த அறையைவிட்டு வெளியே வருகிற வழக்கம் கிடையாது. ஒரே ஒரு நிமிஷம் கொடு என்று காலிடம் கேட்டாள். ஒரு நிமிஷம் நின்றால் வந்துவிடும், முந்தாநாள் வந்ததே. ஆனால் எல்லோரும் நடந்துபோய், புல்வெளி நடுவில் அவள் மட்டும் பைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தால், அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளமாகத் தெரியும்?

பக்கத்தில் பந்துகள் இடித்துக்கொண்டன. புதுசு தோளில் மாட்டிய கோழிக்கூட்டை இறக்கி வைத்துவிட்டு, ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து, ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது, அவிழ்த்துவிட்டுக் கட்டினான். சுருக்கும் நீலப் பையை இறக்கிவிட்டுக் குனிந்தாள். அவள் போட்டிருந்தது கயிறே இல்லாத ஷூ. கெஜக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கூட்டத்தோடு நின்றிருந்த ரேடியோ குனிந்திருந்தான். கண்ணாடி குனிந்திருந்தார். மீசை, ஒரு கையால் தன் பையைப் பிடித்துக்கொண்டு, முட்டி மடங்க மறுக்க மறுக்க, மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். முன்னால் போன டீச்சரம்மா திரும்பி நின்று ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

வேண்டாம், எழுந்திருங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். ஐந்து பேரும் தலையைத் தூக்கவில்லை. படியிலிருந்து இறங்கிய காலடி சரளைக்கல்லில் நறநறவென்று நெருங்கியது. பிறகு சத்தம் நின்றுபோனது. புல்லுக்கு வந்துவிட்டால் யார் நடப்பதும் காதில் விழாது.